பாலத்துக்காரர் மடியில் ஒரு காது

வெளியூர்ல இருந்து வர்றவங்க எல்லாரும் மாவு வாங்க வந்த மாதிரி என் கடை வாசல்ல நின்னுகிட்டு மூணே மூணு கேள்விதான் கேக்குறாங்க: இடம் எப்படி, ஆளுக எப்படி, ரொம்பக் கஷ்டமா. நான் ராக்கு, ஆவுடையாபுரம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் பத்தொன்பது வருஷமா இட்லி மாவு அரைச்சு விக்கிறவ, வீடியோ கேமுல எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது, ஆனா அந்தக் கேமு எங்க ஊருக்குக் குடிவந்த நாள்ல இருந்து ஒருநாள் விடாம பார்த்தவ நான்தான்கிறதால, கிரைண்டர் சத்தத்துக்கு மேல சத்தம் போட்டு எல்லாருக்கும் சொல்லிகிட்டு இருக்கேன். உங்களுக்கும் சொல்றேன், நடுவுல குறுக்கப் பேசக்கூடாது.

ஆடி மாசம் மூணாவது வெள்ளிக்கிழமை காலையில, ஆறு இருபது பாசஞ்சருக்காகக் கேட்டை இறக்கினாங்க. இறக்கும்போது அந்தப் பக்கம் என்னைக்கும் போல சீமைக்கருவேலங்காடு நின்னுச்சு. ரயிலு போயி கேட்டைத் தூக்குறப்போ காட்டைக் காணோம், கண்ணுக்கு எட்டுற மட்டும் இடுப்புயரப் புல்லு, புல்லுக்கு நடுவுல ஒரு ஆறு, ஆத்துக்கு மேல கல்லுப்பாலம், பாலத்துக்கு அங்கிட்டு ஒரு மலை, மலை உச்சியில வெள்ளைவெளேர்னு பனி. கேட் கீப்பர் எட்டிப் பார்த்தாரு, கொட்டாவி விட்டாரு, கொடியைச் சுருட்டிகிட்டு உள்ள போயிட்டாரு. முதல்ல கவலைப்பட்டது கருவேலங்கட்டையை வெட்டிக் கரிமூட்டம் போடுறவங்கதான், ரெண்டாவது கவலைப்பட்டது விடியக்காலையில அந்தக் காட்டை நம்பி வெளிக்குப் போறவங்க, மூணாவதா கிராம நிர்வாக அலுவலர் வந்து சங்கிலி போட்டு அளந்து பார்த்தாரு, மூணு நாள் அளந்தாரு, சங்கிலி தேஞ்சதுதான் மிச்சம், சர்வே நம்பர் இல்லாத இடம்னு எழுதிட்டுப் போயிட்டாரு. அடுத்த மாசமே டவுன் பஸ் போர்டுல ஆவுடையாபுரத்துக்குக் கீழ ‘பனிமலை அடிவாரம்’னு ஒரு வரி சேர்ந்துச்சு.

இடம் எப்படின்னு கேட்டா, வேலி இல்லாத இடம்னு சொல்லுவேன். எங்க ஊர்ல நாலடி நடந்தா ஒரு கம்பிவேலி, எட்டடி நடந்தா ‘அத்துமீறி நுழையாதே’, அதைத் தாண்டினா எவனாவது ஒருத்தன், ஏ யாரது எங்க போறேன்னு கேப்பான். அங்க பாலம் வரைக்கும் அப்படி ஒரு சொல்லே கிடையாது, குன்று தெரிஞ்சா குன்று வரைக்கும் போகலாம், ஆறு தெரிஞ்சா ஆத்துல இறங்கலாம், சும்மா கிடக்கிற பாறை மேல ஏறி உக்கார்ந்துகிட்டு சூரியன் விழுறதைப் பார்க்கலாம், சூரியனும் அங்க நம்ம ஊரை விட ஒரு மணி நேரம் பிந்தித்தான் விழும். கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து கேட்டைத் தாண்டாத பொம்பளைங்க எல்லாம் சாயங்காலம் ஆனா சேலையைத் தூக்கிச் செருகிகிட்டு அந்தப் புல்லுக்குள்ள நடக்கப் போனோம். முட்டிவலிக்கு முப்பது மாத்திரை முழுங்கின நான், ஒருநாள் முதல் குன்று வரைக்கும் ஏறிட்டேன். ஏறி நின்னு திரும்பிப் பார்த்தா என் கடை ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிஞ்சுது, எனக்கு அழுகை வந்துச்சு, என்னத்துக்குன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை.

கஷ்டமான்னு கேட்டா, அது நீங்க சொல்ற பதிலைப் பொறுத்தது. கேட்டைத் தாண்டின உடனே காத்து வந்து காதுகிட்ட கேக்கும்: சும்மாவா, பரவால்லயா, கஷ்டம்தானா? சும்மான்னு சொன்னா ஓநாய் உங்களைப் பார்த்து வாலாட்டும், பரவால்லன்னா துரத்தும், கஷ்டம்தான்னா கடிக்கும். எங்க ஊர்க்காரங்ககிட்ட யாரு வந்து எப்படி இருக்கீங்கன்னு கேட்டாலும், வீடு இடிஞ்சு கிடந்தாலும் சரி, மகன் கலெக்டர் ஆனாலும் சரி, வாயில வர்றது ‘பரவால்ல’தான். அதனால முதல் ஒரு மாசம் ஊரே ஓநாய்க்கு முன்னால ஓடுச்சு. அப்புறம்தான் பள்ளிக்கூடப் புள்ளைக சொல்லிக் கொடுத்து, சும்மா போறோம் சாமின்னு சொல்லிப் பழகினோம்.

ஆளுகளைப் பத்திச் சொல்லணும்னா மேல் போர்ஷன் அமுதவல்லியைப் பத்தி முதல்ல சொல்லணும். என் கடைக்கு மேல, புருஷன் மணிமாறனோடயும் மக குயிலியோடயும் குடியிருக்கிறவ. மணிமாறனுக்கு ஆஃப்செட் அச்சகத்துல வேலை, இவளுக்கு வீட்டுல இருந்தபடியே கம்ப்யூட்டர்ல இங்கிலீஷைத் தமிழாக்குற வேலை. ஒரு கம்பெனிக்காரங்க இந்தக் கேமுல வர்ற ஆளுக பேசுற ஆறாயிரம் வரியை ஒரு ஷீட்டுல போட்டு அனுப்பியிருந்தாங்க, வெறும் வரி, படம் கிடையாது, பேசுறது ஆணா பொண்ணா, கேக்குறது பெரியவங்களா சின்னவங்களா, எதுவும் கிடையாது. இங்கிலீஷ்ல ஒத்தை ‘யூ’ போதும், ஆண்டவனுக்கும் அதுதான், ஆட்டுக்குட்டிக்கும் அதுதான். நம்மளால அப்படி முடியுமா? நீயா நீங்களான்னு தெரியணும், அண்ணனா மச்சானான்னு தெரியணும், அது தெரியாம வாயைத் திறந்தா அடி விழும்.

அதனால அமுதா சாயங்காலமானா ஷீட்டைத் தூக்கிகிட்டு என் கடைக்கு வந்துருவா. ராக்குக்கா, ஒருத்தன் கத்தி செஞ்சு விக்கிறான், வர்றவங்களை என்னன்னு கூப்பிடுவான்னு கேப்பா. வியாபாரம் பண்றவன் அத்தைன்னு கூப்பிட்டாத்தான் ரெண்டு கத்தி கூட விக்கும்னு நான் சொல்லுவேன், அவ அத்தைன்னு எழுதிக்குவா. ஒரு ராணி இருக்கா, சாம்பல் ராணி, எல்லாரையும் ஏளனமாப் பேசுறா, அவ எப்படிக் கூப்பிடுவான்னு கேப்பா. ஏளனம் பேசுறவ மதினியைத் தவிர வேற யாருகிட்டப் பேசுவான்னு நான் சொல்லுவேன். இப்படியே ஆறாயிரம் வரிக்கும் உறவு போட்டு அனுப்பினோம். நாங்க உறவு போட்டு அனுப்பினது ஒரு புதன்கிழமை, மலை வந்தது அடுத்த வெள்ளிக்கிழமை, மலைக்குப் பின்னாலயே ஆளுகளும் வந்தாங்க. உறவு சொல்லிக் கூப்பிட்டா வராம என்ன செய்வாங்க?

கொல்லன் வந்தான், கரிபிடிச்ச கையோட என் கடை வாசல்ல நின்னு, அத்தை, கத்தி வேணுமா கேடயம் வேணுமான்னான். அருவாமனைக்குச் சாணை பிடிச்சுத் தாடான்னேன், பிடிச்சுத் தந்தான். சாம்பல் ராணி குழாயடிக்கு வந்து, மதினி, உங்க படை இவ்வளவுதானான்னு என் குடத்தைப் பார்த்துக் கேட்டா, பதிலுக்கு நானும் அவ கிரீடத்தைப் பத்தி ரெண்டு சொன்னேன், அன்னையில இருந்து எங்களுக்குள்ள நல்ல பழக்கம். ஆளுக்குப் பத்துப் பதினஞ்சு வரிதான் அவங்களுக்கு, அதையே மாத்தி மாத்திப் பேசுவாங்க. எங்க ஊர்ல அதுக்கு மேல பேசுறவங்க எத்தனை பேருன்னு விரல் விட்டு எண்ணிரலாம், அதனால யாருக்கும் அது குறையாத் தெரியலை. ஊர்க்கூட்டம் போட்டு முறை பார்த்தாங்க, கொல்லன் எனக்கு மருமகன் முறைன்னா என் மக அவனுக்கு முறைப்பொண்ணு, சாம்பல் ராணி எல்லாருக்கும் மதினின்னா அவ புருஷன் யாருன்னு ரெண்டு நாள் பேசினாங்க. நீங்க என்ன ஆளுகன்னு ஒரு பெரிய மனுசன் கொல்லனைக் கேட்டாரு. அவன் கத்தி வேணுமா கேடயம் வேணுமான்னான். மறுபடி கேட்டாரு, மறுபடி அதையே சொன்னான். அதுக்கப்புறம் யாரும் யாரையும் அந்தக் கேள்வி கேக்கலை.

ஆனா அமுதா என்கிட்ட கேக்காமலே உறவு போட்ட ஆளு ஒருத்தரு உண்டு. கல்லுப்பாலத்துல நிக்கிற காவக்காரரு. அந்தக் கேமுலயே அவருதான் எல்லாரையும் விடக் கஷ்டமான ஆளாம், ஏழடி உசரம், உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் இரும்பு, கஷ்டம்தான்னு சொல்லிட்டுப் போனா ரெண்டே வெட்டுல ஆளு காலியாம். பாலத்தை யாரும் தாண்ட விடாம தடுக்கிறது அவரு வேலை. அவரு பேசுற பதினோரு வரியையும் அமுதா மேல உக்கார்ந்து தனியா எழுதியிருக்கா. ‘தங்கச்சி, இதுக்கு மேல போகாத. நான் விடமாட்டேன்.’ இன்னொரு வரி, ‘ரொம்ப தூரம் வந்துட்ட தங்கச்சி. உக்காரு.’

அவ அதை ஏன் அப்படி எழுதினான்னு கேட்டா, ஆறு வருஷத்துக்கு முன்னால போகணும். அமுதாவுக்கு ஒரே அண்ணன், தவசிலிங்கம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மோட்டார் காயில் கட்டுற கடை வெச்சிருக்கான். அப்பா இல்லாத வீட்டுல தங்கச்சியைத் தோள்ல தூக்கி வளர்த்தவன். அவ வேற ஆளுகள்ல மணிமாறனைக் கட்டிக்கிட்டான்னு போலீஸ் ஸ்டேஷன்ல வெச்சுப் பேச்சு வார்த்தை நடந்தப்போ, அவன் அவளைத் திட்டலை, அடிக்கலை, கையெடுத்துக் கும்பிட்டு, ‘நீங்க நல்லா இருங்க’ன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டான். தங்கச்சியைப் பார்த்து நீங்க. கெட்ட வார்த்தையெல்லாம் கேட்டிருக்கேன்கா, இதைப் போல ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லன்னு அமுதா என் மாவுச்சட்டி மேல கண்ணீர் விட்டிருக்கா. ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கான், ஆறு வருஷமா பேச்சு கிடையாது.

அதுல ஒரு சிக்கல் என்னன்னா குயிலிக்கு இன்னும் காது குத்தலை. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுக் குத்தணும், மாமன் வரமாட்டான். ஒண்ணுவிட்ட அண்ணன்மாரு ரெண்டு பேரு இருந்தாங்க, தவசி முகத்தைப் பார்த்து அவங்களும் ஒதுங்கிட்டாங்க. மணிமாறன் நல்லவன், கடையில கொண்டு போயிக் குத்திரலாம் அமுதான்னு நாலு தடவை சொன்னான். அவ கேக்கலை. ஒரு வயசுல முடியலை, மூணு வயசுல முடியலை, இப்ப அஞ்சு. ஒத்தைப்படை வயசுலதான் குத்தணும். என் மகளுக்கு மடி இல்லாம ஒரு காது எனக்கு வேண்டாம்கான்னுட்டா. பிடிவாதம்னு சொல்லுங்க, அண்ணன் எனக்கு இன்னும் அண்ணன்தான்கிற ஒரே சாட்சி அந்தக் குத்தாத காதுதான்னு சொல்லுங்க, நான் ரெண்டும்னு சொல்லுவேன்.

பாலத்துக்காரரு கேட்டைத் தாண்டி வந்தது ஆவணி பொறந்து நாலாம் நாள். நடக்குறப்போ என் கடைச் சட்டியெல்லாம் குலுங்குச்சு. யாரையும் கேக்காம மாடிப்படி ஏறினாரு, ரெண்டு படி உடைஞ்சுது, குனிஞ்சு நிலைப்படிக்குள்ள நுழைஞ்சாரு. கரண்டியோட நின்ன அமுதாவைப் பார்த்து, ரொம்ப தூரம் வந்துட்ட தங்கச்சி, உக்காருன்னாரு. அவ அங்கேயே தரையில உக்கார்ந்துட்டா. நான் கீழ இருந்து ஓடிப்போயி பார்த்தேன், அவ முகத்தைப் பார்த்துட்டு அடுப்பை மட்டும் அணைச்சுட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் தினமும் வருவாரு. குயிலி அவரை மாமான்னு கூப்பிட்டா, இரும்பு முட்டி மேல ஏறி உக்கார்ந்தா, அவரு இரும்புத்தொப்பியைக் கழட்டி அதுல கூழாங்கல்லு போட்டு விளையாடினா. பாவம், புள்ளைகிட்டப் பேச அவருக்கு ஒரு வரிகூட இல்ல. பாலத்துக்கு ஒரு குழந்தை வரும்னு கேமு எழுதினவங்க நினைக்கலை, ஷீட்டை அனுப்பினதுக்கு அப்புறம் அமுதாவாலயும் ஒண்ணு சேர்க்க முடியலை. குயிலி பேசப் பேச, சும்மா தலையைக் குனிஞ்சு கேட்டுகிட்டு இருப்பாரு. காதுகுத்துக்கு மடி கிடைச்சிருச்சுன்னு அமுதா என்கிட்ட வந்து சொன்னா. இந்தச் சேதி மோட்டார் கடைக்கும் போச்சு. இரும்புச் சட்டை போட்டவன் எல்லாம் தாய்மாமனாடான்னு தவசி கேட்டானாம், கேட்டுட்டு அன்னைக்கு முழுக்க ஒரு மோட்டாரையே மூணு தடவை கட்டிப் பிரிச்சானாம்.

அந்த வாரம்தான் கம்பெனியில இருந்து மெயில் வந்துச்சு. உலகத்துல எத்தனையோ பாஷையில இந்தக் கேமு ஓடுது, எல்லா இடத்துலயும் ஆளுக ரெண்டு நாள்ல பாலத்தைத் தாண்டிப் போயிடுறாங்க, தமிழ்ல மட்டும் இது வரைக்கும் ஒருத்தர்கூடத் தாண்டலை, என்ன காரணம்னு கேட்டிருந்தாங்க. என்ன காரணம்? பாலத்துல வாளைத் தூக்கிகிட்டுப் போற பயலுக எல்லாம், அவரு தங்கச்சின்னு கூப்பிட்ட உடனே, ஆம்பளைப் புள்ளைகளையும் அவரு அப்படித்தான் கூப்பிட்டாரு, வாளைக் கீழ போட்டுட்டு உக்கார்ந்துடுறானுக. ஒருத்தனுக்கும் கை ஓங்க மனசு வரலை. உங்க மொழிபெயர்ப்பால கஷ்டம் அளவுக்கு மீறிப் போச்சு, உறவுச்சொல் எல்லாத்தையும் எடுத்துட்டு, பொதுவா பயணியேன்னும் நீங்கள்னும் மாத்தி, திங்கக்கிழமை அப்டேட் விடுறோம்னு எழுதியிருந்தாங்க.

அமுதா பதில் போட்டா. எங்க பாஷையில நெருங்கின ஆளை உறவு சொல்லாம நீங்கள்னு கூப்பிட்டா அது மரியாதை இல்ல, அது அத்து விடுறதுன்னு எழுதினா. நன்றி, கவனத்தில் கொள்கிறோம்னு வந்துச்சு. திங்கக்கிழமைக்கு அப்புறம் பாலத்துக்காரருக்கு அவ யாரோ, யாரோன்னா அவரு வாளை எடுக்குற ஆளு. அதனால வளர்பிறை முகூர்த்தம் எல்லாம் ஓரமா வெச்சுட்டு, ஞாயித்துக்கிழமை காலையிலயே காதுகுத்துன்னு முடிவு பண்ணினோம். ஒரு நாள் முந்திக்கிட்டா ஆபத்தில்லன்னு ஊரே சொல்லுச்சு, நானும் சொன்னேன்.

ஞாயித்துக்கிழமை மாமன் சீர் வந்த அழகைப் பார்த்திருக்கணும். முன்னால மேளம், பின்னால தாம்பாளம் ஏந்தி கேமு ஆளுக நாப்பது பேரு, ஒரு தட்டுல காட்டுத்தேன், ஒண்ணுல ஓநாய்த்தோல், ஒண்ணுல பேரு தெரியாத நீலப் பழம், ஒரு பெரிய அண்டாவுல மலை உச்சிப் பனி. பனி சமுதாயக் கூடத்துக்கு வந்து சேருறதுக்குள்ள தண்ணியாப் போச்சு, அதுல ஆளுக்கொரு டம்ளர் குடிச்சோம், பல்லு கூசிச்சு. பாலத்துக்காரரு கழுத்துல ரோஜா மாலை, இரும்பு மேல சந்தனம். சாம்பல் ராணி என் பக்கத்துல வந்து உக்கார்ந்து, மதினி, உங்க படை இவ்வளவுதானான்னா. எதுத்தாப்புல டீக்கடையில தவசி நின்னான். டீ குடிக்க வந்தவன் மாதிரி நின்னான், எனக்குத் தெரிஞ்சு அது நாலாவது டீ.

குயிலிக்கு மொட்டை போட்டு, சந்தனம் பூசி, பட்டுப்பாவாடை கட்டி, மேடையில பாலத்துக்காரர் மடியில உக்கார வெச்சாங்க. ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தாரு. அந்த நேரம் பார்த்து பந்திக்குத் தண்ணி வெச்சுகிட்டு இருந்த கொல்லன் என்கிட்ட வந்து நின்னு, வாயைத் திறந்து, பயணியே, தங்களுக்கு என்ன வேண்டும்னான். சொன்ன நாளுக்கு முந்தி வந்து நிக்கிறதுல விருந்தாளியை மிஞ்சிருச்சு அந்த அப்டேட். அந்தக் கொல்லனுக்குத் தினம் ரெண்டு இட்லி கொடுத்து மறுபடி அத்தைன்னு சொல்லப் பழக்க எனக்கு நாலு மாசம் ஆச்சு, அது வேற கதை. அப்ப நான் கையில இருந்த பனித்தண்ணி டம்ளரைப் போட்டுட்டு மேடையைப் பார்த்து ஓடினேன்.

ஆசாரி வலது காதைக் குத்தி முடிச்சிருந்தாரு. குயிலி வீல்னு கத்தினா. அந்தக் கத்தலோடயே பாலத்துக்காரரு எந்திரிச்சாரு, புள்ளை மடியில இருந்து வழுக்கிப் பாயில விழுந்தா. அவரு கண்ணு முன்னால நின்ன அமுதா மேல இருந்துச்சு, ஆனா அது அவளைப் பார்க்கலை. வாளை உருவினாரு. மேளம் நின்னுச்சு.

“பயணியே, விலகிச் செல்லுங்கள். இந்தப் பாலத்தை நீங்கள் கடக்க இயலாது.”

அமுதா விலகலை. புள்ளைக்கும் வாளுக்கும் நடுவுல நின்னுகிட்டு, அண்ணேன்னா. நீங்கள்னு காதுல விழுந்ததும் அவ முகம் அந்தப் போலீஸ் ஸ்டேஷன் முகமா மாறிச்சு, அன்னைக்கும் அந்த முகத்தைப் பார்த்தவ நான். மறுபடி அண்ணேன்னா. வாள் மேல போச்சு. மணிமாறன் பந்தியில இருந்து ஓடி வந்தான், தூரம் ஜாஸ்தி, வந்து சேர முடியாது. அப்பத்தான் கூடத்துக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஒரு உருவம் மேடை மேல வந்து விழுந்துச்சு, கையில டீ கிளாஸ், அது பாதி சிந்தி வேட்டியெல்லாம் டீ. ஏழடி இரும்புக்கு முன்னால அஞ்சரை அடி தவசி, கிளாஸை ஓங்கிகிட்டு நின்னான். வாளைப் பார்த்தபடியே பின்னால இருக்கிறவகிட்டப் பேசினான்.

“தங்கச்சி, நீ புள்ளையத் தூக்கிட்டுப் பின்னால போ.”

ஆறு வருஷம் கழிச்சு அந்தச் சொல்லு வந்துச்சு. அது எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. அமுதாவுக்கு மட்டுமில்ல, பாலத்துக்காரருக்கும் கேட்டிருக்கணும். காலையில வரைக்கும் அவரு வாயில இருந்த சொல்லு அது, கம்பெனிக்காரங்க பிடுங்கிட்டுப் போன சொல்லு. வாள் அந்தரத்துல அப்படியே நின்னுச்சு, வெட்டவும் இல்ல, இறங்கவும் இல்ல.

குயிலி அம்மாகிட்டப் போகலை. அவளுக்கு அப்டேட்டும் தெரியாது, ஆறு வருஷமும் தெரியாது. காது வலிக்குது, வலிச்சா யாருகிட்டப் போவா? இத்தனை நாள் யாரு முட்டியில ஏறினாளோ அவருகிட்டத்தான் போனா. தவசி காலுக்கு ஊடால புகுந்து போயி, அந்த இரும்புக் காலைக் கட்டிப் பிடிச்சுகிட்டு, “மாமா, வலிக்குது”ன்னு அழுதா.

பாலத்துக்காரரு குனிஞ்சு பார்த்தாரு. வாயைத் திறந்தாரு, மூடினாரு, மறுபடி திறந்தாரு. பழைய ஷீட்டுலயும் இல்லாத ஒண்ணை, புது ஷீட்டுலயும் இல்லாத ஒண்ணை, அந்த மனுசன் எங்கெங்கயோ தேடிகிட்டு இருந்தது எங்களுக்குத் தெரிஞ்சுது. வாளைக் கீழ வெச்சாரு. ஒரு முழங்காலை மடக்கி உக்கார்ந்தாரு.

“எந்தக் காது, தாயி?”

அமுதா என் கையைப் பிடிச்சு நசுக்கினா. ராக்குக்கா, அது நான் எழுதின வரி இல்லக்கான்னா. நீ எழுதலை புள்ள, யாரும் எழுதலைன்னு நான் சொன்னேன். குயிலி வலது காதைத் தொட்டுக் காட்டினா. அவரு கையுறையைக் கழட்டிட்டு அந்தக் காதுல ஊதினாரு, இரும்புக்குள்ள இருந்து வெறும் கை வந்ததை நாங்க அன்னைக்குத்தான் பார்த்தோம், அது வெயிலே படாத கை.

தவசி டீ கிளாஸை எங்க வைக்கிறதுன்னு தெரியாம நின்னான். வந்தது வந்துட்டான், இனி போறதா இருக்கிறதான்னு அவனுக்கு விளங்கலை, தங்கச்சி முகத்தைப் பார்க்கவும் தைரியம் இல்ல. ஆசாரிதான் கனைச்சுகிட்டு, இன்னொரு காது பாக்கி இருக்கு, மாமன் யாரு, சட்டுனு உக்காருங்கன்னாரு. தவசி கிளாஸை என் கையில கொடுத்தான். பாலத்துக்காரர் பக்கத்துல போயி, முட்டியோட முட்டி இடிக்கிற மாதிரி சம்மணம் போட்டு உக்கார்ந்தான். அண்ணே, நீங்க புள்ள கையைப் பிடிச்சுக்கோங்கன்னு அவருகிட்டச் சொன்னான்.

குயிலி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. புது மாமனை அவளுக்குத் தெரியாது, ஆனா அவனும் அம்மா மூக்குதான் வெச்சிருந்தான். ஒரு மடியில பாதி, இன்னொரு மடியில பாதின்னு ஏறி உக்கார்ந்துகிட்டு இடது காதைக் காட்டினா. ஆசாரி கம்பியை எடுத்தாரு, மேளக்காரரு அடிச்சாரு, கூடமே பல்லைக் கடிச்சுகிட்டு இருந்துச்சு. கம்பி உள்ள போயி வெளிய வந்துச்சு. குயிலி கண்ணை இறுக்க மூடிகிட்டா, அழலை. அழுதது ரெண்டு மாமனும்தான்.